எங்களோடு அமர்ந்து காய் நறுக்கியவர்: நாங்கள் எதைக் கவனிக்கத் தவறினோம்?

சாட்ஸ்வொர்த் தமிழாசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதங்களாக யாரிடமும் முழுமையாகச் சொல்ல முடியாமல் மனத்தில் வைத்திருந்த ஒன்றை இங்கே எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் இருப்பவை பெரும்பாலும் அந்தக் காலத்தில் மாநகராட்சி கட்டிக்கொடுத்த ஒட்டு வீடுகள். இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் தாளிக்கும் வாசனை இந்தப் பக்கம் வரும். அப்படிப்பட்ட வீடொன்றில், 55 வயதுள்ள ஒருவர், தம் தாயார் காலமான பிறகு நான்கு ஆண்டுகளாகத் தனியாக வாழ்ந்துவந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அது மூடப்பட்டதும் கிடைத்த சிறு வேலைகளைச் செய்துகொண்டிருந்தார். புரட்டாசிச் சனிக்கிழமை அன்னதானத்துக்கு முந்தைய இரவு கோவில் மண்டபத்தில் எங்களோடு உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்குவார். துண்டுகள் எல்லாம் ஒரே அளவாக இருக்கும். நறுக்கி முடித்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து, துணியில் சுற்றி, குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி அலமாரியின் மேல்தட்டில் வைப்பார்.

கடந்த மார்ச் மாதம், மழை கொட்டிய ஓர் இரவில், அவர் தம் தந்தை விட்டுச்சென்ற பழைய கைத்துப்பாக்கியால் பக்கத்து வீட்டுக்காரரைச் சுட்டுக் கொன்றுவிட்டார். தடுக்க ஓடிவந்த மகனுக்குத் தோளில் குண்டு பாய்ந்தது, அவன் பிழைத்துக்கொண்டான். என்னிடம் மூன்று ஆண்டுகள் தமிழ் படித்த பிள்ளை அவன். இரு வீட்டுக்கும் நடுவே மழைநீர் போகும் கால்வாயை யார் அடைத்தது என்பதுதான் சண்டையாம். சுட்ட பிறகு அவர் எங்கும் ஓடவில்லை; காவலர்கள் வரும்வரை தம் வீட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் கண்முன் வருவது எங்கள் வீட்டுத் தூக்குப் பாத்திரம்தான். மாதம் ஒருமுறையோ இருமுறையோ அதில் சாம்பாரோ பருப்போ ஊற்றிக் கொடுத்தனுப்புவேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவருடைய தாயார் கற்றுக்கொடுத்திருந்ததால், தம் வீட்டு மரத்திலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலையை அதில் போட்டே கொண்டுவந்து தருவார். அந்த நிகழ்வுக்கு ஒன்பது நாள் முன்பு அவர் திருப்பித் தந்தபோது பாத்திரம் வெறுமையாக இருந்தது. அன்று அதை நான் கவனிக்கவில்லை; இப்போது அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் கேள்விகள் இரண்டு. இப்படிப்பட்ட மனிதர்கள் வெளியே தெரியும்படி ஏதேனும் ஓர் அடையாளத்தைக் காட்டுகிறார்களா, அல்லது நாம் பார்த்த அந்தச் சாதாரண மனிதர் உண்மையிலேயே சாதாரணமானவர்தானா? இரண்டாவது, எங்கள் தெருவில் மட்டும் ஏழு பேர் தனியாக வாழ்கிறார்கள். பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கிலும் பெர்த்திலும் லண்டனிலும் இருக்கிறார்கள். "தனிக்கட்டையாக இருப்பவனை இனி நம்பக்கூடாது" என்று தெருக் காவல் வாட்ஸ்அப் குழுவில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதை மறுத்து எழுத எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதும் என்னை வருத்துகிறது.

ஓய்வு பெற்ற மனநலச் செவிலியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

அன்புள்ள டீச்சர், முதலில் அந்தக் கறிவேப்பிலையைப் பற்றி. மனநல மருத்துவமனையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு கொடுமை நடந்த பிறகு நினைவு பின்னோக்கி நடந்து, வழியில் கிடக்கும் ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுத்து, இதுதான் அறிகுறி என்று நம் கையில் கொடுக்கும். அந்த மார்ச் இரவு ஒன்றும் நடக்காமல் போயிருந்தால், வெறும் பாத்திரத்துக்கு, அவர் மறந்துவிட்டார் அல்லது மரத்தைக் கழித்துவிட்டார் என்பதற்கு மேல் எந்தப் பொருளும் இருந்திருக்காது. இறந்தவரின் குடும்பத்துக்கு அடுத்தபடியாக, இந்தப் பின்னோக்கிய தேடலில் அதிகம் சிதைந்துபோகிறவர்கள், சுட்டவருக்கு எப்போதோ ஒரு கரண்டி சோறு போட்டவர்கள்தான். அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன்.

"அமைதியான ஆள், தனிமைவிரும்பி" என்ற சொற்கள் ஒவ்வொரு துயரத்துக்குப் பிறகும் செய்தித்தாளில் வருவதால், தனிமைதான் அடையாளம் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. இதை எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களையும் அவற்றைச் செய்த 41 பேரையும், அந்நாட்டு அதிபரின் பாதுகாப்புப் பிரிவும் கல்வித் துறையும் சேர்ந்து ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டன. தனிமைவிரும்பி என்று பிறர் கருதியவர்களும், தாமே அப்படி உணர்ந்தவர்களுமாக மூன்றில் ஒரு பங்கினர்தான் இருந்தார்கள். நெருங்கிய நண்பர் ஒருவர்கூட இல்லாதவர்கள் 12 விழுக்காடு மட்டுமே. ஆனால் 81 விழுக்காடு நிகழ்வுகளில், நடக்கப்போவதைப் பற்றி முன்கூட்டியே குறைந்தது ஒருவருக்காவது ஏதோ ஒன்று தெரிந்திருந்தது. அவர்கள் பள்ளிப் பிள்ளைகள், உங்கள் தெருக்காரர் 55 வயதுக்காரர். அளவுகோல் அப்படியே பொருந்தாது. ஆனால் நான் வேலையில் கண்டதும் அந்தப் பக்கமே சாய்கிறது. தனியாக இருப்பதைவிட, வாயிலிருந்து வரும் சொல்லே அதிகம் சொல்கிறது.

தனிமைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதன் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. குடும்பத்தோடு வாழும் ஒருவர் மாலையில் வீட்டுக்கு வந்து, "அவன் வேண்டுமென்றே என் வாசல் பக்கம் தண்ணியைத் திருப்பி விடுறான்" என்று கத்தினால், அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும்: "சும்மா இருங்க, அந்த மனுசனுக்கும் வீட்டுக்குள்ள தண்ணி வந்திருக்கும்." அவர் அதை ஏற்றுக்கொள்ளாமல் இருக்கலாம், கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தும் போகலாம். ஆனால் அவருடைய கதையின் நடுவே ஒரு மறுபேச்சு நுழைந்துவிட்டது. தனியாக இருப்பவரின் மனக்குறைக்கு மறுபேச்சே கிடையாது. அவமானத்தை அவரே சொல்லி அவரே கேட்டு, நாளுக்கு நாள் அதைச் சாட்சிகளோடு கூடிய ஒரு வழக்காகக் கட்டி, தீர்ப்பையும் அவரே எழுதிவிடுகிறார். வெளியே வரும்போதோ அதே மனிதர் பூசணிக்காயை ஒரே அளவாக நறுக்குகிறார். நறுக்குவதும் உண்மைதான், உள்ளே நடக்கும் வழக்கும் உண்மைதான். ஒன்று மற்றொன்றுக்கு முகமூடி என்று நான் நினைக்கவில்லை. நோயாளிகளில் மிகக் கொடியதைச் செய்த சிலர், வார்டில் மற்றவருக்குப் போர்வை இழுத்துப் போர்த்திவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் பார்க்கவேண்டும் என்று அவர்கள் அதைச் செய்யவில்லை.

காரணமே கிடைக்காத நேரமும் உண்டு. 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகாஸில் 60 பேரின் உயிரைப் பறித்த மனிதருக்கு வயது 64. ஓராண்டுக்கும் மேலாக விசாரித்த அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை, தெளிவான ஒற்றை நோக்கம் எதுவும் இல்லை என்றே 2019 ஜனவரியில் அறிவித்தது. அவருக்கு வாழ்க்கைத் துணையாக ஒரு பெண்ணும் இருந்தார்.

இனி, எல்லோருக்கும் பயன்படக்கூடிய இரண்டு செய்திகள். நம் நாட்டின் 2002ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யக்கூடிய நிலையில் மனநோயோடு இருந்து, சிகிச்சைக்கு உடன்படாத ஒருவரை மதிப்பீட்டுக்காக அனுமதிக்கும்படி துணைவர், நெருங்கிய உறவினர், கூட்டாளி போன்றோர் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டுக்கு 72 மணி நேரம் வரை வைத்துப் பார்ப்பார்கள். ஆனால் விண்ணப்பிப்பவர், அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் அந்த மனிதரை நேரில் பார்த்திருக்க வேண்டும். படிவத்தை நிரப்பும்போதெல்லாம் அந்த வரி என்னைத் தைக்கும். ஏழு நாட்களாக யாருமே பார்க்காத மனிதருக்காக யார் விண்ணப்பிப்பார்கள்? மற்றொன்று துப்பாக்கி. 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தந்தையின் துப்பாக்கி மகனுக்குத் தானாக வந்துசேராது. மகன் தன் பெயரில் தகுதிச் சான்றும் உரிமமும் பெறவேண்டும், இல்லையென்றால் ஒப்படைக்கவேண்டும். 2019 டிசம்பரிலும் 2020 ஆகஸ்டிலும் தொடங்கிய பொதுமன்னிப்புக் காலங்களில், வழக்கில்லாமல் கொடுத்துவிடவும் வழி இருந்தது. உங்கள் தெருவில் எத்தனை அலமாரிகளில் தாத்தாவின் துப்பாக்கி பழைய வேட்டியில் சுற்றி இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். அந்தத் துப்பாக்கி மட்டும் இல்லாதிருந்தால், இரு தரப்பும் கைகலந்து, காயத்தோடு முடிந்திருக்கக்கூடிய சண்டை இது.

டீச்சர், உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். உடனே பதில் எழுத வேண்டியதில்லை. பாத்திரத்தை விடுங்கள். அன்று அவர் ஏதாவது பேசினாரா?

கேப்டவுன், வரலாற்று மாணவர்:

செவிலியர் அம்மாவின் பதிலோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அது எளிதான உதாரணம் அல்ல.

1966 செப்டம்பர் 6 அன்று பிற்பகல், கேப்டவுன் நாடாளுமன்றத்தில் அவை கூடும் மணி ஒலித்துக்கொண்டிருந்தபோது, சீருடை அணிந்த ஓர் ஏவலர், அன்றைய நிறவெறி அரசின் பிரதமர் வெர்வூர்டின் இருக்கையை நோக்கி நடந்தார். ஏதோ செய்தி கொண்டுவருகிறார் என்றே உறுப்பினர்கள் எண்ணினார்கள். அன்று காலையில் வாங்கிய கத்தியால் அவர் பிரதமரை நான்கு முறை குத்திக் கொன்றார். அவர் பெயர் டிமித்ரி சஃபெண்டாஸ், வயது 48. சில வாரங்களுக்கு முன்புதான் அந்தத் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தார். மொசாம்பிக்கின் லொரென்சோ மார்க்கஸில் கிரேக்கத் தந்தைக்கும் மொசாம்பிக் தாய்க்கும் பிறந்து, கப்பலேறி நாடுநாடாக அலைந்து, பல நாட்டு மருத்துவமனைகளில் இருந்து, வாடகை அறைகளில் வாழ்ந்தவர். வெள்ளையர் என்ற தம் வகைப்பாட்டைக் கலப்பினத்தவர் என்று மாற்றித் தரும்படி அந்த ஆண்டே விண்ணப்பித்திருந்தார்; தாம் விரும்பிய பெண் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதால், அவரோடு வாழ வேறு வழி இருக்கவில்லை.

தம் வயிற்றில் ஒரு நாடாப்புழு இருந்து தம்மை ஆட்டுவிக்கிறது என்று அவர் மருத்துவர்களிடம் சொன்னார். மனநிலை பிறழ்ந்தவர் என்பதால் வழக்கை நடத்த முடியாது என்று நீதிபதி முடிவு செய்தார். நாடெங்கும் பரவியது அந்தப் புழுவின் கதைதான்: உறவில்லாத, வீடில்லாத ஒரு பைத்தியக்காரன் செய்த வேலை. ஆனால் கைதான பிறகு காவலர்களிடம் அவர் அளித்த வாக்குமூலத்தில், அரசின் நிறக் கொள்கை மீதான வெறுப்பே காரணம் என்ற செய்தி இருக்கிறது. பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 2018இல் நீதித்துறை அமைச்சரிடம் அளிக்கப்பட்ட விரிவான அறிக்கை ஒன்று, அவர் தெளிவான அரசியல் நோக்கத்தோடு செயல்பட்டவர் என்று வாதிடுகிறது.

கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. "தனியாள், புத்தி பேதலித்தவன்" என்ற சொல் யாருக்கு வசதியாக இருந்தது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். அந்தச் சொல் கிடைத்தவுடன், அவருடைய வாழ்க்கையை அப்படி நொறுக்கிய சட்டங்களைப் பற்றிப் பேசவேண்டிய தேவை அரசுக்கு இல்லாமல் போயிற்று. பைத்தியம் என்று தீர்ப்பு எழுதிவிட்டு, அவரை மருத்துவமனைக்கும் அனுப்பவில்லை. பிரிட்டோரியா சிறையில் தூக்குமேடைக்கு அருகிலிருந்த அறையில் பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். 1994இல்தான் ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 1999 அக்டோபரில், 81 வயதில், அங்கேயே இறந்தார். அடக்கத்துக்கு வந்தவர்களைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். கல்லறைக்குப் பெயர்ப்பலகையும் வைக்கவில்லை.

உங்கள் தெருவிலும் "தனிக்கட்டை" என்ற சொல் எதை மூடுகிறது என்று பாருங்கள். அந்தக் கால்வாய்க்காக அவர் மாநகராட்சியில் முறையிட்டாரா, யாராவது வந்து பார்த்தார்களா?

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து, இரண்டு பிள்ளைகளின் தந்தை:

மேலே எழுதியிருப்பவர்கள் இருவரும் மிகுந்த இரக்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் ஒரு பகுதி உடன்பாடில்லை. இறந்தவருக்கும் ஒரு வாழ்க்கை இருந்தது. அந்தப் பையன் தோளில் குண்டுக் காயத்தோடு வளரப்போகிறான். சுட்டவரின் உள்மனத்தை இத்தனை பத்திகளில் அலசுகிறோம், சுடப்பட்டவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அக்கம்பக்கத்தார் எச்சரிக்கையாக இருக்க விரும்புவதைக் கொடுமை என்று சொல்லிவிடக் கூடாது.

ஆனால் செவிலியர் அம்மா சொன்ன, வாய்ச்சொல்லைக் கவனிக்க வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். 2008 ஜூன் 8 அன்று டோக்கியோவின் அகிஹபாராவில், 25 வயதுள்ள ஓர் ஒப்பந்தத் தொழிலாளி சரக்கு வண்டியைக் கூட்டத்துக்குள் செலுத்தி, பிறகு கத்தியால் குத்தி, ஏழு பேரைக் கொன்றான். தொழிற்சாலையில் தன் வேலை உடையைக் காணவில்லை என்றதும், தன்னை வெளியேற்றிவிட்டார்கள் என்று சில நாட்களுக்கு முன் அவன் முடிவுகட்டியிருந்தான். யாரும் தன்னோடு பேசுவதில்லை என்று நாள்தோறும் கைப்பேசியிலிருந்து இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தவன், அன்று காலையில் அகிஹபாராவில் கொல்லப்போவதையும் எழுதினான். எழுத்து எல்லோருக்கும் தெரியும் இடத்திலேயே இருந்தது.

அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை குண்டுகளை அனுப்பி மூன்று பேரைக் கொன்று 23 பேரைக் காயப்படுத்திய காசின்ஸ்கி, மொன்டானா மலைக்காட்டில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் குடிசையில் தனியாக இருந்தவர். அருகிலிருந்த சிற்றூரின் நூலகத்தில் அவரை அமைதியான வாசகராகவே அறிந்திருந்தார்கள். அத்தனை ஆண்டுகள் தேடியும் காவல் துறைக்குக் கிடைக்காத ஆளை அடையாளம் கண்டவர்கள், அவருடைய தம்பியும் தம்பி மனைவியும். குண்டு அனுப்பியவர் எழுதியனுப்பி, 1995 செப்டம்பரில் செய்தித்தாளில் வெளியான நீண்ட கட்டுரையைப் படித்ததும், வீட்டில் இருந்த அண்ணனின் பழைய கடிதங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அதே சொற்சேர்க்கைகளைக் கண்டார்கள். அண்ணனைக் காட்டிக்கொடுத்த தம்பியே, அவருக்கு மரணதண்டனை கூடாது என்று போராடவும் செய்தார். நான் அவரைப் பெரிதும் மதிக்கிறேன். அன்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்போடு இருப்பவர் காவல் நிலையத்துக்கும் போகத் துணிய வேண்டும் என்கிறேன்.

பீனிக்ஸ் (டர்பன்), தனியாக வாழ்பவன்:

இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு 61 வயது. மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகள் நியூசிலாந்தில் இருக்கிறாள். நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் அந்த "அவர்கள்" கூட்டத்தில் நானும் ஒருவன்.

இந்தச் செய்தி பரவிய பிறகு எங்கள் தெருவில் ஒன்று மாறிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. எதிர்வீட்டுச் சிறுமி பந்தை எடுக்க என் முற்றத்துக்கு வருவாள். இப்போது அவளுடைய தாயார் வந்து எடுத்துப் போகிறார். வந்தவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறார், அதனால் என்னால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. பிள்ளையைக் காப்பது அவருடைய கடமை. ஆனால் அன்று மாலை முழுவதும் நான் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாக இருப்பவனுக்கு இப்படிப்பட்ட ஒன்றை மனத்தில் போட்டு உருட்ட நேரம் நிறைய இருக்கிறது. செவிலியர் அம்மா மறுபேச்சைப் பற்றி எழுதியதைப் படித்தபோது, யாரோ என் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. மகள் ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது நான் எதைப் பற்றியாவது குறைசொன்னால், "அப்பா, நீங்க அதைத் தப்பா எடுத்துக்கிறீங்க" என்பாள். எனக்கு எரிச்சல் வரும். இனி அந்த எரிச்சலைக் காட்டமாட்டேன்.

ஜோகன்னஸ்பர்க் ஐயாவுக்கு ஒன்று சொல்லவேண்டும். 2021 ஜூலையில், இந்திய வம்சாவளியினர் மிகுந்த எங்கள் பீனிக்ஸில் நடந்த கலவரத்தில் 36 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அந்த வாரம் தெருமுனைத் தடுப்புகளில் துப்பாக்கியோடு நின்றவர்களில் தனிக்கட்டைகளை நான் பார்க்கவில்லை. குடும்பஸ்தர்கள் நின்றார்கள், தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். அச்சத்தோடு தம் தெருவைக் காக்க நின்றவர்களே பலர், ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. வாட்ஸ்அப்பில் ஒருவர் ஒன்றைச் சொன்னால், மறுத்துப் பேசாமல் பத்துப் பேர் அதையே திருப்பிச் சொன்னார்கள். மறுபேச்சு இல்லாமல் போவதற்கு ஒருவன் தனியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, அம்மா.

ஓய்வு பெற்ற மனநலச் செவிலியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

பீனிக்ஸ் ஐயா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. நான் தனியாளைப் பற்றி மட்டும் எழுதினேன்; கூட்டத்துக்கும் அது பொருந்தும் என்று நீங்கள் காட்டியதை ஏற்கிறேன்.

ஜோகன்னஸ்பர்க் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. இறந்தவரைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை என்பது எனக்குச் சுடுகிறது. எச்சரிக்கையைப் பற்றி மட்டும் ஒரு சொல். நம் நாட்டில் மனநோயாளிகள் என்று பெயர் சூட்டப்பட்டவர்கள் பிறரைக் கொன்ற கதைகள்தான் நம் நினைவில் நிற்கின்றன. 2016இல் கௌடெங் மாகாணத்தில், லைஃப் எசிடிமெனி என்ற மனநலப் பராமரிப்பு நிறுவனத்திலிருந்து தகுதியற்ற இடங்களுக்கு மாற்றப்பட்டவர்களில் 144 பேர் பட்டினியிலும் கவனிப்பின்மையிலும் குளிரிலும் இறந்துபோனதை எத்தனை வாட்ஸ்அப் குழுக்கள் நினைவில் வைத்திருக்கின்றன? காவல் நிலையத்துக்குப் போவதை நான் தடுக்கவில்லை. துப்பாக்கியால் கொல்லப்போவதாகச் சொன்னவரை, உரிய விசாரணைக்குப் பின், துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்றவர் என்று அறிவிக்கும் அதிகாரம் காவல் துறைக்கு உண்டு. "இன்னார் இன்ன நாளில் இன்ன சொல்லைச் சொன்னார்" என்று போய்ச் சொல்லலாம். "இன்னார் தனியாக இருக்கிறார்" என்று போய்ச் சொல்ல முடியாது.

சாட்ஸ்வொர்த் தமிழாசிரியை எழுதியது:

எல்லோருடைய பதில்களையும் பலமுறை படித்தேன். பதில் எழுத ஒரு வாரம் தாமதித்ததற்கு மன்னியுங்கள். செவிலியர் அம்மாவின் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அவர் பேசினார். பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் படியில் நின்றபடி, "டீச்சர், இந்த வருஷம் புரட்டாசிக்கு நான் இருக்கமாட்டேன், காய் நறுக்க வேற ஆள் பாத்துக்குங்க" என்றார். ஸ்டேங்கரில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விடப் போகிறாரோ என்று நினைத்து, "தங்கச்சி வீட்டுக்கா?" என்று கேட்டேன். "எங்கயோ. அதுக்கு முன்ன அந்தக் கால்வாய்க் கணக்கை முடிச்சிட்டுப் போகணும்" என்றார். கால்வாயைச் சரிசெய்த சிமென்ட் செலவில் அவருடைய பங்கைக் கொடுக்கப்போகிறார் என்றே நான் புரிந்துகொண்டேன். மூன்று மாதங்களாகக் கறிவேப்பிலையை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இந்தச் சொற்கள் அடியோடு மறந்துபோயிருந்தன. அல்லது மறக்க விரும்பியிருக்கிறேன். அவர் வீட்டில் துப்பாக்கி இருந்தது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு விதமாகக் கேட்டிருப்பேனா என்று இப்போது என்னால் நேர்மையாகச் சொல்ல முடியவில்லை.

வரலாற்று மாணவரின் கேள்விக்கும் பதில்: அவர் முறையிட்டிருக்கிறார். மூன்று கடிதங்களின் நகல்கள் அவர் வீட்டு மேசையில் இருந்தனவாம். பக்கத்து வீட்டுக்காரரும் தனியாக ஒரு முறையீடு கொடுத்திருக்கிறார். இருவரும் ஒரே குறையைத்தான் எழுதியிருக்கிறார்கள். கால்வாய் மேலே, தெருவிலேயே உடைந்திருந்தது.

ஜோகன்னஸ்பர்க் ஐயாவுக்கு: இறந்தவரைப் பற்றி நான்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். காவடி நாளில், அலகு குத்திய இளைஞர்கள் நடக்கும் பாதை நெடுக, தார்ச்சாலை காலைச் சுடாமல் இருக்க, தம் வீட்டுக் குழாயை நீட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டே போவார். கொஞ்சம் உரக்கப் பேசுவார். மகனுடைய தமிழ்ப் பரீட்சைக்கு முதல்நாள் எனக்குத் தொலைபேசியில் நாலு முறையாவது அழைப்பார்.

நேற்று விசாரணை அதிகாரியிடம் போய் அந்தச் சொற்களைத் தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் பொருளும் எழுதிக் கொடுத்தேன். "கணக்கை முடிப்பது" என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு என்பதை அவருக்கு விளக்கவே வெகுநேரம் ஆயிற்று. வாட்ஸ்அப் குழுவில், தனியாக வாழும் முதியவர் ஒருவரின் வீட்டைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். அதை நீக்கச் சொல்லி எழுதினேன். இருவர் என்னோடு வாதாடினார்கள், ஒருவர் குழுவைவிட்டே விலகினார், படம் நீக்கப்பட்டது.

இறந்தவரின் மனைவியிடம் இந்தச் சொற்களைச் சொல்ல வேண்டுமா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை. என்னை ஏன் எச்சரிக்கவில்லை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதிகாரி மூலமாக அவருக்குச் செய்தி எட்டியிருக்க வேண்டும்; நாளை மாலை வீட்டுக்கு வரும்படி மகனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். போகிறேன்.